பொறுப்பும் கடப்பாடும்: போபால் வழக்கில் ஓர் எதிர்வாதி வழக்கறிஞர்

போபால் நச்சுவாயுக் கசிவு நிகழ்ந்த 1984ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் தலைவர் வாரன் ஆண்டர்சன், தம் நிறுவனம் அறநெறிப்படி பொறுப்பேற்கிறது என்னும் பொருளில் பேசினார். அதன்பின் நான்காண்டுகளுக்கு மேலாக, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அந்நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று வாதிட்டனர். இவ்விரு வாக்கியங்களையும் தமிழில் அடுத்தடுத்துப் படிப்பவர், நிறுவனம் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டது என்றே கொள்வார். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. முன்னதில் வருவது ‘ரெஸ்பான்சிபிலிட்டி’. பின்னதில் வருவது ‘லயபிலிட்டி’. எதிர்வாதித் தரப்பின் வாதம் முழுவதும் இவ்விரு சொற்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் கட்டப்பட்டது. தமிழில் அவ்விடைவெளியே இல்லை. பேச்சிலும் செய்தித்தாளிலும் இரண்டுக்கும் வழங்குவது ‘பொறுப்பு’ என்னும் ஒரே சொல்.

இச்சிக்கலைச் சொற்பட்டியலாகக் காண்பதைவிட, அவ்வழக்கை உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்காக நடத்திய ஒருவரது தொழில்வாழ்வின் வழியே காண்பது தெளிவு தரும். ஃபாலி சாம் நாரிமன் (1929–2024) அரசமைப்புச் சட்ட வல்லுநராகவே பெரிதும் அறியப்பட்டவர். தமிழ்நாட்டில் அவர் பெயர் வேறு இரு காரணங்களால் பழகியது. காவிரி வழக்கில் கருநாடகத்தின் சார்பில் நெடுங்காலம் வாதிட்டவர் அவர். 2014ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெயலலிதாவின் பிணை மனுவுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றவரும் அவரே. அவருடைய பணிகளுள் இக்கட்டுரைக்கு உரியது ஒன்று மட்டுமே. அது, இழப்பீட்டு வழக்கில் எதிர்வாதியாகிய ஒரு கம்பெனியைக் காத்த பணி.

பொறு என்னும் வினை

‘பொறு’ என்னும் வினைக்குச் சுமத்தல், தாங்குதல், சகித்தல், மன்னித்தல் ஆகிய பொருள்கள் உண்டு. பொறை, பொறுமை, பொறுப்பு மூன்றும் இவ்வேரினின்று கிளைத்தவை. ஆகவே பொறுப்பு என்பது தோளில் கிடக்கும் சுமை. அதைப் பிறர் ஏற்றினரா, தானே எடுத்துக்கொண்டதா என்பதைச் சொல் காட்டாது. ‘பொறுப்பை ஏற்றான்’, ‘பொறுப்பைச் சுமத்தினர்’ என வினை சேரும்போதுதான் அவ்வேறுபாடு வெளிப்படும்.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பு வேறு. ‘லயபிலிட்டி’ கட்டுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ மறுமொழி கூறுதல் என்னும் வேரினது. முதலாவது பிறர் இட்ட கட்டு. இரண்டாவது கேட்டவருக்கு விடை சொல்லும் நிலை. கட்டு என்னும் பொருளுக்குத் தமிழில் நெருங்கி நிற்பது ‘கடன்’ என்பதன் வழிவந்த ‘கடப்பாடு’ எனலாம். சட்டத் தமிழில் இச்சொல்லைக் கையாள்வோர் உளர். ஆயினும் இதிலும் ஒரு தடை உண்டு. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், கைம்மாறு கருதாமல் செய்யும் செயலைக் குறிக்கவே கடப்பாடு என்னும் சொல் வருகிறது. அங்கு அது முற்றிலும் அறத்தின் சொல். நீதிமன்றம் விதித்து வசூலிக்கும் தொகைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘தார்மிகப் பொறுப்பு’ என்னும் தொடரும் தமிழ் வாசகரிடம் தனக்கென ஒரு வரலாற்றுடன் வாழ்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் நிகழ்ந்த இரயில் விபத்துக்குப் பின் இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் இரயிலை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை, வெள்ளத்தை அனுப்பவுமில்லை. சட்டம் அவரைத் தொட முடியாத இடத்தில் அவர் தாமே முன்வந்து நின்றார். இந்நினைவின் வழியே, தார்மிகப் பொறுப்பு என்பது சட்டப் பொறுப்பைவிடப் பெரியது என்ற உணர்வு தமிழில் ஊன்றிவிட்டது. ஆண்டர்சனின் கூற்றில் அது சட்டப் பொறுப்பைவிடச் சிறியது. இழப்பீட்டைக் கட்டாயமாக்காத, தொகை குறிக்கப்படாத ஒன்று அது. மொழிபெயர்ப்பாளர் ‘தார்மிகப் பொறுப்பு’ என எழுதினால் சொல் பிழையன்று. ஆனால் எடை தலைகீழாகிவிடுகிறது.

கங்கா அறையிலிருந்து

நாரிமன் 1929ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் இரங்கூனில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அக்குடும்பம் தரைவழியே இந்தியா வந்து சேர்ந்தது. பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பயின்று 1950இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டார். சர் ஜம்ஷெட்ஜி கங்காவின் அறையில் தொழில் பழகினார். நானி பால்கிவாலாவும் சோலி சொராப்ஜியும் அவ்வறையினின்று வந்தவர்களே. 1971இல் உச்ச நீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞரானார். 1972இல் மைய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக அமர்ந்தார். 1975ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டவுடன் அப்பதவியை ராஜிநாமா செய்தார். அவர் பெயருக்கு நாட்டில் தனி மதிப்பு ஏற்பட்டது அச்செயலால்தான். பத்தாண்டுகளுக்குப் பின் அதே பெயர் யூனியன் கார்பைடின் வக்காலத்தோடு சேர்ந்து ஒலித்தபோது பலர் திடுக்கிட்டதற்கும் அதுவே காரணம்.

வக்காலத்தை ஏன் ஏற்க வேண்டும் என்ற வினாவுக்குத் தொழில்மரபு ஒரு விடை வைத்திருக்கிறது. இலண்டன் நகரின் வாடகை வண்டி வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்காரர் வந்த பயணியை ஏற்றியே ஆகவேண்டும். பயணியின் முகம் பார்த்து மறுக்க முடியாது. அவ்வாறே வழக்கறிஞரும் தமக்குரிய கட்டணம் தரப்படுமாயின் வந்த வழக்கை ஏற்க வேண்டும் என்பது ஆங்கில மரபு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளும் இதை ஏற்றுள்ளன. சிறப்புச் சூழ்நிலையில் மறுக்கவும் இடம் தருகின்றன. வக்காலத்து என்னும் அரபுச் சொல்லுக்குப் பிறர் பொருட்டு நிற்கும் அதிகாரம் என்பது பொருள். தமிழ்ப் பேச்சிலோ ‘அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாயா’ என்பது வசைக்கு அண்மையது. பிறனுக்காகப் பேசுபவன் பிறன் செயலிலும் பங்காளி என்ற கருத்து அத்தொடரில் ஒளிந்திருக்கிறது. தொழில்மரபு மறுப்பது சரியாக இக்கருத்தையே.

எதிர்வாதியின் பழைய கேடயங்கள்

இழப்பீட்டு வழக்குகளிலும் வேலை தொடர்பான வழக்குகளிலும் எதிர்வாதிக்காக நிற்பவரின் கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானவை. 1837இல் இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள் அளவுக்குமீறிப் பாரம் ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தார். பிரீஸ்ட்லி–ஃபௌலர் எனப்படும் அவ்வழக்கிலிருந்து, உடன்வேலையாளின் தவற்றால் நேர்ந்த காயத்துக்கு எஜமானரிடம் ஈடு கேட்க முடியாது என்ற கோட்பாடு வளர்ந்தது. வேலையின் ஆபத்தை அறிந்தே ஒருவன் வேலைக்கு வந்தான் என்பது இரண்டாவது கேடயம். காயம்பட்டவனும் கவனக்குறைவாக இருந்தான் என்பது மூன்றாவது. ஆலைகளும் இரயில் பாதைகளும் பெருகிய காலத்தில் இம்மூன்றும் முதலாளிகளைக் காத்தன. இந்தியாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தவறு யாருடையது என்னும் வினாவைப் பெரும்பாலும் ஒதுக்கி, காயம் வேலையினின்று எழுந்ததா, வேலையின் போக்கில் நேர்ந்ததா என்று மட்டும் கேட்டது. 1938ஆம் ஆண்டு முதலாளிகள் பொறுப்புச் சட்டம் முதல் இரு கேடயங்களையும் பறித்தது.

இவை யாவும் ஆலை வாயிலுக்கு உட்பட்டவருக்கே. 1981 டிசம்பரில் போபால் ஆலையில் பாஸ்ஜீன் வாயு பட்டு ஓர் ஊழியர் இறந்தார். அத்தகைய சாவுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. வாயிலுக்கு வெளியே குடிசைகளில் உறங்கியவர்களுக்கு அச்சட்டங்களில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் பொதுவான தீங்கியல் சட்டத்தையே நாட வேண்டும். அங்கு நின்றிருந்தது 1868இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை உறுதிசெய்த ரைலண்ட்ஸ்–ஃப்ளெச்சர் தீர்ப்பு. ஒருவர் தம் நிலத்தில் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து அண்டை நிலத்தின் சுரங்கத்துக்குள் நீர் புகுந்தது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் திரட்டியவன் அது தப்பியோடினால், தவறு செய்திராவிட்டாலும், பொறுப்பாளி என்பது விதி. இயற்கையின் பெருஞ்செயல், அந்நியன் செயல், வாதியின் இசைவு முதலானவை விலக்குகள்.

இவ்விதி இந்தியாவுக்கு வந்தபோது நேர்ந்தது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உரிய ஏரிகள் பெருமழையில் உடைந்து இரயில் பாதையைச் சேதப்படுத்தின. மெட்ராஸ் இரயில்வே கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குத் தொடுத்தது. 1874இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ஏரி ஒருவர் தம் நலத்துக்காகக் கொண்டுவந்து வைத்த ஆபத்துப் பொருளன்று. அதைப் பேணுவது தொன்றுதொட்டு அவர்மேல் உள்ள கடமை. ஆகவே கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத் தீர்ப்பின் ‘ரிசர்வாயர்’ தமிழ்நிலத்தின் ஏரி ஆகவில்லை. சட்ட வரலாற்றில் மொழிபெயர்ப்பு மறுக்கப்பட்ட நல்ல எடுத்துக்காட்டு இது. வென்றது எதிர்வாதித் தரப்பு என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தாய், சேய், அந்நியன்

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் ஆலையின் தொட்டி ஒன்றில் நீர் புகுந்து, அதிலிருந்த மெத்தில் ஐசோசயனேட் கொதித்து வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர், இலட்சக்கணக்கானோர் நோயுற்றனர். நாடாளுமன்றம் 1985இல் ஒரு தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் வழக்காடும் உரிமையை மைய அரசிடமே ஒப்படைத்தது. குடிமக்களுக்கு அரசே தந்தை என்னும் இலத்தீன்வழிக் கோட்பாடு அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. அத்தந்தைக்கு உட்பட்ட நிதி நிறுவனங்கள் எதிர்த்தரப்பின் இந்தியக் கம்பெனியில் பங்குதாரர்களாகவும் இருந்தன என்பதைப் பலரும் அன்றே சுட்டிக்காட்டினர்.

முதற்போர் நியூயார்க்கில் நடந்தது. அங்கு இரு தரப்பும் தத்தம் இயல்புக்கு மாறான வாதத்தை எடுத்தன. இந்திய நீதிமன்றங்கள் இவ்வழக்கைத் தாங்கமாட்டா என்று இந்திய அரசு சொன்னது. அவை முழுத் திறன் வாய்ந்தவை என்று அமெரிக்கக் கம்பெனி சொன்னது. கம்பெனிக்காக அவ்வாறு உறுதிமொழிச் சான்று அளித்தவர் பால்கிவாலா. 1986 மே 12ஆம் நாள் நீதிபதி கீனன் கம்பெனியின் வாதத்தை ஏற்று வழக்கை இந்தியாவுக்குத் திருப்பினார். இக்கோட்பாட்டின் இலத்தீன் பெயரைச் சிலர் ‘வசதியற்ற மன்றம்’ எனத் தமிழாக்குகின்றனர். வசதி என்றவுடன் நாற்காலியும் பயணச் செலவும் நினைவுக்கு வருகின்றன, கருதப்படுவது பொருத்தம். ‘பொருந்தா மன்றம்’ என்பது மேல்.

1986 செப்டம்பரில் போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கியது. கம்பெனியின் முதல் அரண் அதன் உருவமே. போபால் ஆலையை நடத்தியது யூனியன் கார்பைடு இந்தியா என்னும் இந்தியக் கம்பெனி. அமெரிக்கக் கம்பெனி அதில் 50.9 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. பங்கு வைத்திருப்பவர் வேறு, கம்பெனி வேறு. இரண்டும் சட்டத்தின் கண்ணில் இரு ஆட்கள். இவ்வாதத்தைத் தமிழில் எழுத முயல்பவர் முதற்சொல்லிலேயே தோற்றுவிடுவார். தமிழில் வழங்குவன ‘தாய் நிறுவனம்’, ‘கிளை நிறுவனம்’ என்பன. சேய் செய்த தீங்குக்குத் தாயைக் கேட்பது ஊர் வழக்கம். கிளை மரத்தின் உறுப்பு. தனி ஆள் அன்று. ‘துணை நிறுவனம்’ என்பது ஓரளவு நடுநிலையானது. எதிர்வாதியின் வாதத்தை வாதியின் சொற்களால் மொழிபெயர்த்துவிட்டு, அவ்வாதம் வலுவற்றது என்று வாசகர் முடிவுசெய்தால், அம்முடிவில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது அரண் நாசவேலைக் கோட்பாடு. அதிருப்தியுற்ற ஓர் ஊழியர் வேண்டுமென்றே தொட்டியில் நீர் செலுத்தினார் என்று கம்பெனி கூறியது. இந்தியப் புலனாய்வுத் தரப்பும் தொழிலாளர் அமைப்புகளும் இதை மறுத்தன. குளிரூட்டி நிறுத்தப்பட்டதையும் பாதுகாப்புக் கருவிகள் செயலற்றுக் கிடந்ததையும் எடுத்துக்காட்டின. அக்கூற்று எந்த நீதிமன்றத்திலும் விசாரித்து மெய்ப்பிக்கப்படவில்லை. மொழியியல் நோக்கில் பார்த்தால் இக்கோட்பாடு ஒரு சொல்லை நம்பி நிற்கிறது. ரைலண்ட்ஸ் விதியின் விலக்கு ‘அந்நியன்’ செயலுக்கே உரியது. சம்பளப் பட்டியலில் பெயருள்ள ஊழியர் எப்படி அந்நியர் ஆவார்? பணியின் போக்கில் பணியாளர் செய்வது பணியளிப்பவரைக் கட்டும். பணியின் எல்லையை மீறித் தன் பகைக்காகச் செய்தால் அந்நேரத்துக்கு அவர் அந்நியரே என்பது இதற்குரிய விடை. காலையில் ஊழியர், நள்ளிரவில் அந்நியர். வேலை தொடர்பான வழக்குகளில் எதிர்வாதி வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகப் பயின்றுவந்த இந்த நுட்பமே இங்குப் பெருந்தீங்கு வழக்கில் கொண்டுவந்து வைக்கப்பட்டது.

இவ்வரணை வெளியிலிருந்து ஒரு தீர்ப்பு தகர்த்தது. 1985 டிசம்பர் 4ஆம் நாள் தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த அவ்வழக்கில் 1986 டிசம்பர் 20ஆம் நாள் தலைமை நீதிபதி பகவதி, ஆபத்தான தொழிலை நடத்துபவருக்கு ரைலண்ட்ஸ் விதியின் விலக்குகள் எவையும் கிடையா என்றார். நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இழப்பீடும் பெரிதாகலாம் என்றும் கூறினார். முன்னையது ‘ஸ்ட்ரிக்ட்’, இது ‘அப்சல்யூட்’. தமிழில் இரண்டையும் ‘முழுப் பொறுப்பு’ என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அவ்வாறு எழுதினால் ஒரு நூற்றாண்டுச் சட்ட வளர்ச்சி அழிந்துபோகிறது. கண்டிப்பான பொறுப்பு, விலக்கற்ற பொறுப்பு என வேறுபடுத்துவது தேவை. விலக்கற்ற பொறுப்பு ஏற்கப்படுமாயின் நாசவேலைக்காரர் ஊழியரா அந்நியரா என்ற வினாவே எழாது. இத்தீர்ப்பில் சொல்லப்பட்டது கட்டுப்படுத்தும் விதியா, போகிற போக்கில் சொன்ன கருத்தா என்று பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே ஐயம் எழுந்தது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அது விதியே என உறுதிசெய்தது. போபால் வழக்கு முடிந்து ஏழாண்டுகளுக்குப் பின் வந்த உறுதி அது.

நிவாரணமும் ராஜியும்

1987 டிசம்பர் 17ஆம் நாள் மாவட்ட நீதிபதி தேவ், விசாரணை முடியுமுன்பே 350 கோடி ரூபாய் இடைக்காலத் தொகையாகக் கட்ட ஆணையிட்டார். 1988 ஏப்ரல் 4ஆம் நாள் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி சேத் அதை 250 கோடியாகக் குறைத்தார். எனினும் மேத்தா தீர்ப்பைப் பற்றிநின்று, பொறுப்பு முதல் நோக்கிலேயே புலப்படுகிறது என்ற அடிப்படையை வலுப்படுத்தினார். கம்பெனியின் மறுப்பு எளிமையானது: சான்று பதியாமல், குறுக்கு விசாரணை நடவாமல், பொறுப்பு யாருடையது எனத் தீர்மானியாமல் தொகை விதிப்பது தீர்ப்பே ஆகும்.

‘இடைக்கால நிவாரணம்’ என்னும் தமிழ்த்தொடர் இம்மறுப்பின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. தமிழ் மக்களின் செவியில் நிவாரணம் என்பது புயலுக்கும் வெள்ளத்துக்கும் பின் அரசு தரும் அரிசியும் வேட்டியும். கொடுப்பவர் தவறு செய்தவர் அல்லர். நீதிமன்ற வழக்கில் ‘ரிலீஃப்’ என்பது வாதி உரிமையோடு கேட்கும் பரிகாரம். நீதிபதி கீனன் 1985இல் 50 இலட்சம் டாலர் தருமாறு கேட்டபோது கம்பெனி இசைந்தது, அது மனிதாபிமானத்தின் பாற்பட்டதாக இருந்தமையால். போபால் ஆணையை அதே கம்பெனி இறுதிவரை எதிர்த்தது. முன்னது நிவாரணம், பின்னது இழப்பீட்டின் தொடக்கம். தொகை பெரிதா சிறிதா என்பது மட்டுமன்று எதிர்ப்புக்குக் காரணம். பெயரும் ஒரு காரணம்.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பதக் உள்ளிட்ட ஐவர் முன் வந்தது. கம்பெனிக்கு நாரிமன்; மைய அரசுக்குத் தலைமை வழக்கறிஞர் கே. பராசரன். இவர் திருவரங்கத்தவர். இடைக்காலத் தொகை பற்றிய வாதம் நடந்துகொண்டிருந்த 1989 பிப்ரவரி 14ஆம் நாள் நீதிமன்றம் முழு வழக்கையும் இணக்கத் தீர்வாக முடித்தது. 47 கோடி டாலர். கம்பெனி 42 கோடியே 60 இலட்சத்தில் நின்றது, அரசு 50 கோடிக்குக் குறையக் கூடாது என்றது. இடைப்பட்ட தொகையை நீதிமன்றம் குறித்தது என்று மே 4ஆம் நாள் வெளியிட்ட காரண விளக்கத்தில் அறிகிறோம். அக்கணக்கில் இறந்தோர் 3,000 பேர் எனக் கொள்ளப்பட்டது. பின்னாளில் ஏற்கப்பட்ட அரசுக் கணக்கோ 5,295; ஈடு பெற்றோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இணக்கத் தீர்வுக்குப் பழைய நீதிமன்றத் தமிழில் ‘ராஜி’ என்பது பெயர். இரு தரப்பும் இசைந்து எழுதிக்கொடுக்கும் ஆவணம் ராஜிநாமா. குடியானவர் தம் நிலத்தைச் சர்க்காருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணமும் அப்பெயரால் வழங்கியது. அவ்வழியே பதவியை விட்டுக்கொடுப்பது என்ற இன்றைய பொருள் நிலைத்தது. 1975இல் நாரிமன் எழுதியது புதிய பொருளில் ராஜிநாமா. 1989இல் அவர் தரப்பு பெற்றது பழைய பொருளில். பழைய சொல்லில் ராஜி என்பது மனநிறைவு, சம்மதம். போபாலில் சம்மதம் கேட்கப்படாதவர்கள் யாருக்காக வழக்கு நடந்ததோ அவர்களே. அவர்கள் சார்பில் சம்மதித்தது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு. அவர்கள் பேசிய மொழி இந்தியும் உருதும். வழக்கு முடிந்த மொழி ஆங்கிலம். தீர்வு வெளியானவுடன் போபால் பெண்கள் தில்லிக்கு வந்து உச்ச நீதிமன்ற வாயிலில் முழக்கமிட்டனர்.

எதிர்வாதித் தரப்பில் பார்த்தால் இது நிறைவான வெற்றி. பொறுப்பு ஒப்புக்கொள்ளப்படவில்லை, தாயும் துணையும் ஒன்றா என்பது தீர்மானிக்கப்படவில்லை, விலக்கற்ற பொறுப்பு விதி பொருத்திப் பார்க்கப்படவில்லை, குற்றவியல் நடவடிக்கைகளும் நீக்கப்பட்டன. கடைசியாகச் சொன்னதை மட்டும் 1991 அக்டோபர் 3ஆம் நாள் மறுஆய்வுத் தீர்ப்பு மாற்றியது. தொகையை அது மாற்றவில்லை. பற்றாக்குறை நேர்ந்தால் அரசே ஈடுசெய்ய வேண்டும் என்றது. போபாலில் மருத்துவமனை அமைக்க ஏறத்தாழ 50 கோடி ரூபாயை இரு கம்பெனிகளும் மனிதாபிமான நோக்கில் ஏற்க வேண்டும் என்றும் கூறியது. ஆண்டர்சன் 1984இல் பயன்படுத்திய சொல்லின் எல்லைக்குள்ளேயே அத்தொகையும் அமைந்தது. கூடுதல் இழப்பீடு கோரி மைய அரசு 2010இல் தொடுத்த சீராய்வு மனு 2023 மார்ச் 14ஆம் நாள் தள்ளுபடியானது.

2010இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் நாரிமன் போபாலைப் பற்றி எழுதினார், நேர்காணல்களிலும் பேசினார். மீண்டும் ஒரு வாய்ப்பு நேர்ந்தால் அவ்வழக்கை ஏற்கமாட்டேன் என்றார். அது வழக்கு அன்று, பேரவலம் என்பதைக் காலந்தாழ்ந்தே உணர்ந்ததாகவும் கூறினார். இதைத் தமிழாக்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாம் நீதிமன்றத்தில் வைத்த வாதம் சட்டப்படி தவறு என்று அவர் சொல்லவில்லை. வண்டி வரிசை விதியின் ஆதரவையும் அவர் நாடவில்லை. சிறப்புச் சூழ்நிலையில் மறுக்கலாம் என்னும் பகுதியைத் தாம் பயன்படுத்தியிருக்கலாம் என்பதே அவர் கூற்றினின்று பெறப்படுவது. ஆகவே ‘தவற்றை ஒப்புக்கொண்டார்’ என்றெழுதுவது அவர் சொல்லாததைச் சொல்வதாகும். ‘வருத்தம் தெரிவித்தார்’ என்பதோ இன்று நிறுவனங்களின் அறிக்கைகளில் வழங்கித் தேய்ந்துபோன தொடர். ‘ஏற்றிருக்கக் கூடாது எனக் கருதினார்’ என்று நீட்டி எழுதுவதே அவர் கூற்றுக்கு ஒத்தது. வக்காலத்தை ஏற்றதும் அதில் அடங்கும், பொறுப்பை ஏற்றதாக அது பொருள்படாது.